சீனக் குதிரைக்கு ஒரு பொட்டு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பாள் அம்மா. மூக்குக்கு மேல் கண்தானே இருக்கிறது, கண்ணால் பார்த்ததற்குக் கோபம் வராமல் வேறெதற்கு வரும் என்று நான் திருப்பிக் கேட்பேன். வயது எண்பதைத் தாண்டியும் அந்தக் குணம் என்னை விடவில்லை. போன வருஷம் மலாக்காவுக்குப் பக்கத்தில் ஆயர் குரோவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன், அங்கேயும் கூடவே வந்தது.

அந்தப் பள்ளியில் சரித்திரம் சொல்லித்தரும் இளம் ஆசிரியை ஒருத்தி எனக்குப் பழக்கம். "டீச்சர், நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும். இப்ப மியூசியத்தையே கிளாசுக்குள்ள கொண்டாந்துட்டோம்" என்று சொல்லி, காரைக் கொண்டுவந்து கூட்டிப்போனாள். சுவர் அகலத்துக்குத் திரை. எந்தெந்த ஊரிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் சிலையும் ஜாடியும் ஓவியமும் இணையத்தின் வழியாக வந்து அந்தத் திரையில் நின்றன. விரலை வைத்து விரித்தால் சிலையின் நகக்கணு தெரிகிறது. பிள்ளைகள் கையிலும் ஆளுக்கொரு சின்னத் திரை. அடடா, எங்களுக்கு இது கிடைத்திருந்தால் என்று மனசு ஒரு நிமிஷம் ஏங்கியது உண்மை.

ஆனால் அவர்கள் படங்களைத் தள்ளிய வேகம் இருக்கிறதே. வாங்கும் உத்தேசமே இல்லாமல் பாசாரில் மீன் விலை கேட்டுக்கொண்டு போகிறவர்களைப் போல, ஆயிரம் வருஷத்துச் சிலையை ஒரு விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளாமலே எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். "இதுக்கு ஒரு பொட்டு வைக்கணும்னா எங்க வைப்பீங்க?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்ததும் விரல்கள் நின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையிலிருந்த படத்தை முதல் தடவையாகப் பார்த்தது.

அந்தக் கேள்வி என் மூளையில் உதித்ததில்லை. அது எனக்குக் கிடைத்த கதையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு மலாயா மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கிய வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் நான் மலாக்கா டவுனில், கஜா பெராங்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர். அம்மா செங் ஊர்ப்பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கித்தா மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்தில் பால் வாளியை விட்டுச் சாக்கட்டியைப் பிடித்துச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதில் அம்மாவுக்குப் பெருமை ஒரு பங்கு, பயம் இரண்டு பங்கு. வாயைக் கட்டு, வேலையைக் காப்பாற்றிக்கொள் என்பதுதான் நான் பஸ் ஏறும்போதெல்லாம் அவள் சொல்லும் வழியனுப்பு.

எனக்குச் சரித்திரப் பாடத்தைக் கொடுத்தார்கள். வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. கையில் கொடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பறங்கிக்காரன் கப்பல் மலாக்காவுக்கு வந்து நிற்கும். பிறகு டச்சுக்காரன் வருவான். அவனைத் தள்ளிக்கொண்டு இங்கிலீஷ்காரன் வருவான். அதற்குமேல் அவனுடைய ராஜாக்கள் வரிசை கட்டுவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பேர் இருந்தது. அவர்கள் வந்தபோது இங்கே யார் இருந்தார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும். சடக்கில் இறங்கி நடந்தால் மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்துப் பள்ளிவாசலும், அதைத் தாண்டிச் சீனர் கடைகளும் வரும். இத்தனை பேரும் வானத்திலிருந்தா விழுந்தார்கள்? கொடியேற்றி, பட்டாசு வெடித்து, கட்டிய தோரணத்தைக்கூட இன்னும் கழற்றாத ஊரில், பிள்ளைகளை உட்காரவைத்து வெள்ளைக்கார ராஜாவுக்கு எத்தனை பெண்டாட்டி என்று கேட்க எனக்கு வாய் கூசியது.

அப்போதுதான் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் படப் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெரிய அருங்காட்சியகம் ஒன்று, அங்கே வந்து பார்க்க வழியில்லாத பிள்ளைகளுக்காக, ஆசியா முழுக்கச் சேர்த்த பொருள்களைப் பெரிதாகப் போட்டோ பிடித்துக் கனத்த அட்டையில் ஒட்டி, மரப்பெட்டியில் அடுக்கி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சுற்றவிடுகிறது. ஒரு தவணை வைத்திருந்து பாடம் நடத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒழுங்காக வைத்திருந்தால் அடுத்த பெட்டி வரும்.

எங்கள் ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நல்ல மனிதர், பொய் சொல்லக்கூடாது. ஆனால் தன் நிழல் சற்று நீளமாக விழுந்தால் அதற்கும் சலாம் போடுகிற ரகம். "அதெல்லாம் கான்வென்ட் பிள்ளைங்களுக்கும்மா. நமக்கெதுக்கு?" என்றார். நமக்கெதுக்கு என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தினமும் மணி அடிப்பதற்கு முன் அவர் மேசை முன்னால் போய் நிற்பதை வேலையாக வைத்துக்கொண்டேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், ஹெட்மாஸ்டர் எம்மாத்திரம். பெட்டி கேட்டு எழுதிப்போட்டார்.

பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் வகுப்பே மேசைமேல் கவிழ்ந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். தமிழ்நாட்டு வெண்கல அம்மன். சீனாவில் மண்ணால் செய்த குதிரை. பூப்போட்ட சீன ஜாடி. ஜாவாவில் கல்லில் செதுக்கிய கப்பல். நிழற்கூத்துப் பொம்மை ஒன்று. பாரசீகத்துச் சுவரிலிருந்து எடுத்த ஓடு, அதில் அரபு எழுத்து. புத்தர்கள் மட்டும் நான்கு பேர், ஜாவாக்காரர், சீனாக்காரர், ஜப்பான்காரர், சயாம்காரர். மூடியின் உள்பக்கத்தில் இங்கிலீஷில் கட்டளை ஒட்டியிருந்தது: கையைக் கழுவிவிட்டுத் தொடவும், படங்களின் மேல் எழுதவோ எந்த அடையாளமும் இடவோ கூடாது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை சரித்திரம். அதுவரைக்கும் அந்த நேரத்தில் பாதி வகுப்பு தூங்கும், மீதி வகுப்பு ஜன்னலைப் பார்க்கும். பெட்டி வந்த பிறகு பையன்கள் என் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறைதான். சுவரில் ஆசியா வரைபடத்தை மாட்டி, ஒவ்வொரு படமும் எங்கே பிறந்தது, மலாக்கா துறைமுகத்துக்கு என்ன கப்பலில் என்ன காற்றில் வந்திருக்கும் என்று நூல் கட்டிப் பார்த்தோம். சீன ஜாடியைப் பார்த்ததும் எங்கள் தெருச் சீன முதலாளி, தவுக்கே கடையில் அதேபோல் ஒன்று ஊறுகாய்க்கு இருக்கிறது என்று சத்தம் கிளம்பியது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. புத்தகத்தை அலமாரியில் போட்டுப் பூட்டினேன்.

அப்புறம் சரஸ்வதி பூஜை வந்தது.

எங்கள் பள்ளியில் அது பெரிய நாள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்து, பிள்ளைகளின் புத்தகத்தையெல்லாம் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். புத்தகத்தோடு நிற்காது. கரும்பலகைக்குப் பொட்டு, பூகோள உருண்டைக்குப் பொட்டு, மணிக்குப் பொட்டு, பந்துக்குப் பொட்டு. எதை வைத்து வேலை செய்கிறோமோ அதையெல்லாம் அன்றைக்குக் கும்பிட வேண்டும் அல்லவா. ஹெட்மாஸ்டர் தன் பிரம்புக்குத் தானே பக்தியோடு சந்தனம் தடவிப் பொட்டு வைப்பார். நான் பின்கட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். முன்னால் பொட்டு வைக்கிற வேலையை என் வகுப்புப் பெண் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருத்தியைச் சொல்ல வேண்டும். நகராட்சி லாரி ஓட்டுகிறவரின் மகள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், கணக்கென்றால் தலை குனிந்துவிடும். ஆனால் அவள் கண் சும்மா இருக்காது. என் புடவைக் கிழிசலை நான் எவ்வளவு நுணுக்கமாகத் தைத்துக் கட்டி வந்தாலும் அவள் பார்வை நேராக அங்கேதான் போய் நிற்கும். கிண்ணத்தில் குங்குமத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவள் அவள்தான்.

மறுநாள் விஜயதசமி. பூஜை பிரித்து, முதல் பாடமாகப் படங்களைக் காட்டலாம் என்று பெட்டியைத் திறந்தேன். சீனக் குதிரை நெற்றியில் பொட்டோடு என்னைப் பார்த்தது. அடுத்த அட்டையை எடுத்தேன், ஜாடிக்குப் பொட்டு. ஜாவாக் கப்பலுக்குப் பொட்டு. நிழற்கூத்துப் பொம்மைக்கும் பொட்டு. கறுப்பு வெள்ளையில் ஒவ்வொன்றும் ரத்தச் சிவப்பாக நின்றது. மூடியில் ஒட்டியிருந்த கட்டளையை நினைத்தேன். ஆனாலும் அந்தக் குதிரையைத் திரும்பப் பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. அது அவ்வளவு மங்களகரமாக இருந்தது.

ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. "அரசாங்கச் சொத்தும்மா இது" என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணியை எடுத்து, நான் தடுப்பதற்குள் குதிரையின் நெற்றியைத் துடைத்தார். குங்குமம் தண்ணீரைக் கண்டதும் சும்மா இருக்குமா. நெற்றியிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து தாடைக்கும் பரவி, குதிரையின் முகம் முழுக்கச் சிவந்துபோய்விட்டது. ஏதோ பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது அதன் நிலைமை. மற்றப் படங்களை நான் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன், இனி ஒன்றைத் தொடவிட மாட்டேன் என்று.

அடுத்த வாரம் அருங்காட்சியகத்து அதிகாரி ஒருவர் மலாக்காப் பள்ளிகளுக்கு நேரில் வந்து பெட்டிகளைப் பார்வையிட்டு எடுத்துப்போகப் போகிறார் என்று செய்தி வந்தது. எந்தப் பள்ளிக்கு அடுத்த பெட்டி, எதற்கு இனிமேல் கிடையாது என்பதை அவரே முடிவு செய்வார். ஹெட்மாஸ்டருக்குத் தூக்கம் போனது. என்னைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். நமக்கு முன்னால் பெட்டி வேறொரு பள்ளியில் இருந்தது, வரும்போதே இப்படித்தான் வந்தது என்று சொல்லிவிடலாமாம். முன்னால் இருந்தது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி.

"ஏன் சார், சிஸ்டருங்க சரஸ்வதி பூஜை பண்ணாங்கன்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?" என்றேன்.

அவருக்கு முகம் சுண்டியது. அப்படியானால் பிள்ளைகள் தெரியாமல் செய்த அசட்டுத்தனம் என்று நானே மன்னிப்புக் கேட்க வேண்டும், பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பழைய புத்தகத்தை எடுக்க வேண்டும், அதோடு இந்தப் படம் காட்டும் வேலைக்கு முழுக்கு என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. உங்கள் பிரம்புக்கு நீங்களே பொட்டு வைத்தீர்களே, அடிக்கிற பிரம்புக்கு இருக்கிற யோக்கியதை படிக்கிற படத்துக்கு இல்லையா என்று கேட்டேன். அசட்டுத்தனம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன் என்றேன். பெட்டி இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனால் நானும் போகிறேன், அந்தப் புத்தகத்தைத் திரும்ப என் கையால் தொட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலைத் தாண்டிய பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தது. சொன்னது சொன்னதுதான்.

நான் தங்கியிருந்தது கோயிலுக்குப் பின்னால் செட்டிகள் கம்பத்தில், ஒரு வீட்டின் பக்கத்து அறையில். வட்டிக்கு விடும் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. பல நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். கோயிலும் பொங்கலும் படையலும் அப்படியே இருக்கும், பேச்சு மட்டும் மலாய். வீட்டுக்காரப் பெண்ணுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. கெபாயாச் சட்டை உடுத்தி, நெற்றியில் விபூதி இட்டு, தமிழில் ஒரு வார்த்தை பேச வராமல் என்னோடு வருஷக்கணக்காக வம்பளந்தவள்.

அன்றைக்குச் சாயங்காலம் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் மலாயில் கொட்டினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். பாடம் சொல்லித்தருகிற படம், பூஜைக்கு வைத்தார்கள், பொட்டு வைத்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். "அபா சாலா?" என்றாள். இதில் என்ன தப்பு என்று அர்த்தம். தமிழே தெரியாத ஒருத்திக்கு உடனே புரிந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டருக்குப் புரியவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்த குவே பலகாரத்தை நான் ஆத்திரத்தோடே தின்று முடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

அதிகாரி ஒரு காலை நேரத்தில் வந்தார். வெள்ளைக்காரர் வருவார் என்று ஹெட்மாஸ்டர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு காத்திருந்தார். வந்தவரோ சொங்கோக் தொப்பி அணிந்த மலாய்க்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். ஹெட்மாஸ்டர் தயாரித்து வைத்திருந்த இங்கிலீஷ் வரவேற்பைக் கேட்டுவிட்டு மலாயிலேயே நன்றி சொன்னார். பெட்டியை அலுவலறையில் வேண்டாம், வகுப்பிலேயே திறக்கிறேன் என்றார்.

திறந்தார். முதலில் வந்தது குதிரை. முகம் முழுக்கச் சிவப்பாக அதைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். அவர் நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்து, இதையெல்லாம் செய்தது யார் என்று மலாயில் கேட்டார். ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் லாரிக்காரர் மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

அதிகாரி அவளைத் திட்டவில்லை. ஜாடிப் படத்தைக் கையில் எடுத்து, இதற்கு ஏன் இந்த இடத்தில் வைத்தாய் என்று கேட்டார். குரலில் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வகுப்பில் வாயே திறக்காதவள், வீட்டிலும் தெருவிலும் பேசிப் பழகிய மலாயில் பதில் சொன்னாள். ஜாடிக்குக் கழுத்தில்தான் வைக்க வேண்டும், அம்மா பொங்கல் பானைக்கு அங்கேதான் வைப்பாள். கப்பலுக்கு முன்முனையில் வைத்தேன், அப்பா லாரிக்கும் முன்னால்தான் வைப்பார். பொம்மை பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது, பாதி நெற்றிதான் தெரிகிறது, அதனால் ஓரத்தில் சின்னதாக வைத்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒவ்வொரு படத்தையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

பாரசீக ஓட்டின் படத்தில் மட்டும் பொட்டு இல்லை. இதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டார். அவள் பக்கத்து வரிசையைப் பார்த்தாள். அங்கே துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவரின் மகன் இருந்தான். அவன் எழுந்து, அது ஓதுகிற எழுத்து, அதன்மேல் எதுவும் வைக்கக்கூடாது என்று தான் சொன்னதாகவும், அவள் சரி என்று பூ மட்டும் பக்கத்தில் வைத்ததாகவும் சொன்னான். அதிகாரி அந்த எழுத்தை மெல்ல வாய்விட்டுப் படித்தார். பையனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகுதான் புத்தர்களுக்கு வந்தார். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நானும் அப்போதுதான் கவனித்தேன். சயாம் புத்தருக்கு மட்டும் நெற்றியில் பொட்டு. மற்ற மூவருக்கும் கீழே பீடத்தில்தான் வைத்திருந்தாள். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று அவர் கேட்டார். மலாயில் வார்த்தை கிடைக்காமல் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அவுங்க மூணு பேருக்கும் நெத்தியில ஏற்கெனவே இருக்கே டீச்சர். செஞ்சவங்களே வச்சிருக்காங்க. இவருக்குத்தான் இல்ல, அதான் நான் வச்சேன். அவுங்க எல்லாம் ஒரே ஆளுதானே. ஊருக்கு ஊரு மூஞ்சி மாறுது, பொட்டு மாறல."

நான் மலாயில் மொழிபெயர்த்தேன். அதிகாரி ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜாவாக்காரர் நெற்றியில் கல்லில் ஒரு சின்ன மேடு. சீனாக்காரருக்கும் இருந்தது. ஜப்பான்காரருக்கும் இருந்தது. சயாம்காரர் நெற்றி வழுவழுவென்றிருந்தது. வாரக்கணக்காக நான் அந்தப் படங்களை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன், இந்தியாவில் பிறந்த ஒரு மதம் கப்பலேறி எங்கெல்லாம் போனது என்று வரைபடத்தில் நூல் கட்டியிருக்கிறேன். அந்த நூல் படத்துக்குள்ளேயே, நெற்றி நெற்றியாக, ஒரு புள்ளியில் ஓடுவதை அந்தப் பெண் பொட்டு வைக்க இடம் தேடிக் கண்டுபிடித்திருந்தாள்.

அதிகாரி பிள்ளைகளின் சின்ன பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஹெட்மாஸ்டரைப் பார்த்து மலாயில் நீளமாகப் பேசினார். ஹெட்மாஸ்டருக்குக் கடைத்தெரு மலாய்க்கு மேல் வராது, என் பக்கம் திரும்பினார். நான் ஒரு சொல்லையும் விடாமல் தமிழாக்கினேன், அப்படி ஒரு சுகத்தோடு நான் என் ஆயுளில் எதையும் மொழிபெயர்த்ததில்லை. அவர் சொன்னது இது: பல பள்ளிக்கூடங்களில் பெட்டியைத் திறந்தேன், எல்லாப் படமும் போனபடியே புத்தம் புதிதாக இருக்கிறது, யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. இங்கேதான் பார்த்திருக்கிறார்கள். இந்தப் படங்களைத் துடைக்க யாரையும் விட மாட்டேன், இப்படியே கொண்டுபோய் வைப்பேன். உங்களுக்குப் புதுப் பெட்டி வரும், இனி எந்தப் பெட்டி கிளம்பினாலும் முதலில் இந்தப் பள்ளிக்கு வரும். பேசி முடித்து, குதிரையின் முகத்தைத் துடைத்தது யார் என்று மட்டும் கேட்டார். அதையும் தமிழாக்கினேன். ஹெட்மாஸ்டர் மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

"பாகுஸ்" என்றார் அதிகாரி அந்தப் பெண்ணிடம். ரொம்ப நல்லது என்று அதற்கு அர்த்தம் சொல்ல எங்கள் வகுப்பில் யாருக்கும் தேவைப்படவில்லை. கூரை கிழிகிற மாதிரி கை தட்டினார்கள்.

பெட்டி போன மறுவாரமே ஹெட்மாஸ்டர் மற்றப் பள்ளி ஆட்களிடம், படத்துக்குப் பொட்டு வைத்துப் படிப்பது எங்கள் பள்ளிக்கூடத்து முறை என்று பேச ஆரம்பித்துவிட்டார். பேசட்டும். எனக்குச் சரித்திரத்துக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை கொடுத்தார். அம்மாவிடம் போய் வாயைக் கட்டாமலே வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. புதுப் பெட்டி வந்தது, அதற்கப்புறம் வேறு பெட்டிகளும் வந்தன. அவற்றுக்கு நிஜப் பொட்டு வைக்கவில்லை, அதிகாரி கிளம்பும்போது எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வாக்கு அது. ஆனால் ஒவ்வொரு படத்தையும் எடுத்ததும் முதல் கேள்வி அதுதான். ஓய்வு பெறும்வரைக்கும் வேறு கேள்வியில் நான் பாடத்தைத் தொடங்கியதில்லை.

ஆயர் குரோ வகுப்புக்குத் திரும்புகிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு பிள்ளைகள் படத்தை விரித்தார்கள், நகர்த்தினார்கள், தங்களுக்குள் சண்டை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், புத்தர் ஒருவரைக் காட்டி, இவருக்கு ஏற்கெனவே இருக்கிறது என்றாள். அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஒரு ஊர் அருங்காட்சியகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, நாங்கள் நான்கு பேரை வைத்துக்கொண்டு பார்த்த இடத்தில் நாற்பது பேரைக் கொண்டுவந்து சுவரில் வரிசையாக நிறுத்தினார்கள். காந்தாரத்துக்காரர் வந்தார், கொரியாக்காரர் வந்தார். எனக்கு ஏக்கமெல்லாம் போய்விட்டது. இது எங்கள் பெட்டிதான், மூடியில்லாத பெட்டி.

எங்களுக்குப் பெட்டி அனுப்பிய அருங்காட்சியகத்தின் பழைய சேகரங்களும் இணையத்தில் இருக்கின்றனவா என்று இளம் ஆசிரியையிடம் கேட்டேன். தேடினாள். பள்ளிகளுக்கு அனுப்பிய படங்கள் என்று ஒரு பகுதி வந்தது. கீழே இறக்கிக்கொண்டே போனாள். திடீரென்று சுவர் முழுக்க, சிவந்த முகத்தோடு, எங்கள் குதிரை. அதற்குப் பக்கத்தில் கழுத்தில் பொட்டோடு ஜாடி, முன்முனையில் பொட்டோடு கப்பல், சயாம்காரர். அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார், யாரையும் துடைக்க விடவில்லை. கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஆசிரியையைப் படிக்கச் சொன்னேன். கவனக்குறைவாகக் கையாண்டதால் ஏற்பட்ட சிவப்புக் கறை என்று படித்தாள்.

அழுகை நின்று கோபம் வந்தது. கறையா? யார் கறை என்று எழுதியது, அவர்களை வரச்சொல் என்றேன். வர வேண்டியதில்லை, இங்கிருந்தே சொல்லலாம் என்று ஆசிரியை சிரித்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள், வகுப்புப் பிள்ளைகளும் ஆளுக்கொரு வரி சேர்த்தார்கள். கொஞ்ச காலம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். கறை என்ற சொல் போயிருந்தது. மலாக்கா, கஜா பெராங் தமிழ்ப் பள்ளி மாணவர்கள் சரஸ்வதி பூஜையன்று இட்ட குங்குமம் என்று இருந்தது.

உடனே உஜோங் பாசிருக்குப் போன் போட்டேன். லாரிக்காரர் மகள் இப்போது அங்கேதான் மகனோடு இருக்கிறாள், அவளுக்கும் தலை நரைத்து முட்டி வலி வந்தாயிற்று. விஷயத்தைச் சொன்னேன்.

"குதிரை மூஞ்சி இன்னும் செவப்பாவா இருக்கு டீச்சர்?"

"அப்படியேதான் இருக்கு. அதையும் நீ வச்சதுன்னே சேத்துட்டாங்க. ஹெட்மாஸ்டர் பேரு கெடாம தப்பிச்சிட்டாரு."

அவள் சிரித்தாள். அந்த வயதிலும் அது அதே பெண்ணின் சிரிப்பு. யார் யாரெல்லாம் பார்க்கலாம் அதை என்று கேட்டாள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சீனாக்காரரும் ஜப்பான்காரரும்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்றேன்.

"அப்ப அவசரப்படாம நல்லா உத்துப் பாக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.